யூதர்கள் எல்லாரும் ஒரே குரலில்தான் பேசுகிறார்களா?

கேள்வி கேட்டவர் எழுதியிருந்தது இது: "காசா போரைப் பற்றி அமெரிக்க யூத அமைப்புகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது போல அறிக்கை விடுகின்றன. யூடியூபைத் திறந்தால் யூதர்களே இஸ்ரேலைத் திட்டுகிறார்கள். இவர்களுக்குள் உட்கார்ந்து பேசுவது என்று ஒன்று உண்டா, இல்லை ஆளுக்கொரு மேடை போட்டுக் கத்துவதுதானா?" கருத்து வேறுபாடு உண்டா என்று மட்டும் கேட்டிருந்தால், தாராளமாக உண்டு என்று ஒரு வரியில் முடித்திருப்பேன். நீங்கள் கேட்பது அதுவல்ல என்று எடுத்துக்கொள்கிறேன். வேறுபாட்டைப் பேசித் தீர்க்க, தீராவிட்டால் கூட வைத்துக்கொண்டு வாழ, அந்தச் சமூகத்தில் இடமும் முறையும் இருக்கிறதா. அந்த இடத்துக்குள் யாரை விடுகிறார்கள், யாரை வெளியே நிறுத்துகிறார்கள். இதுதான் உங்கள் கேள்வி என்றால், பதில் கொஞ்சம் நீளும்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் யூதன் அல்ல. மதங்களின் வரலாற்றைக் கல்லூரியில் கற்பிப்பவன். மதுரையில் பிறந்து, பத்தொன்பது வருடமாக நியூ ஜெர்சியில் இருக்கிறேன். பல மதத்தவர் கலந்து பேசும் கூட்டங்களில் குறிப்பெடுக்க உட்கார ஆரம்பித்து, பிறகு யூதர்கள் தங்களுக்குள் பேசும் சில கூட்டங்களிலும் ஓரமாக உட்கார இடம் கிடைத்தது. ஹீப்ரு படிப்பேன், பேச வராது. ஆகவே அமெரிக்காவைப் பற்றி நான் சொல்வது பார்த்துச் சொல்வது. இஸ்ரேலைப் பற்றிச் சொல்வது பெரும்பாலும் படித்துச் சொல்வது. அந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

உறுதியாகச் சொல்லக்கூடிய எண்கள் சில உண்டு. ப்யூ ஆய்வு மையம் 2020-ல் எடுத்து 2021-ல் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் குழந்தைகளையும் சேர்த்து சுமார் 75 லட்சம் யூதர்கள். பெரியவர்களில் 37 சதவீதம் சீர்திருத்தவாத ரிஃபார்ம் கிளை, 17 சதவீதம் நடுவழிக் கன்சர்வேடிவ் கிளை, 9 சதவீதம் மரபு வழுவாத ஆர்த்தடாக்ஸ் கிளை, எந்தக் கிளையிலும் சேராதவர்கள் 32 சதவீதம். (கன்சர்வேடிவ் என்பது இங்கே ஒரு மதக் கிளையின் பெயர். அரசியல் பழமைவாதம் என்று படித்துவிடாதீர்கள். நானே முதல் வருடம் அப்படிப் படித்து அசடு வழிந்திருக்கிறேன்.) மொத்தத்தில் பத்தில் ஏழு பேர் ஜனநாயகக் கட்சிப் பக்கம். ஆர்த்தடாக்ஸ்களை மட்டும் பிரித்தெடுத்தால் நான்கில் மூன்று பேர் குடியரசுக் கட்சிப் பக்கம். இஸ்ரேல் மீதான அக்கறை தங்கள் யூத அடையாளத்தில் இன்றியமையாதது அல்லது முக்கியமானது என்று சொன்னவர்கள் 82 சதவீதம். ஆனால் இதெல்லாம் 2023 அக்டோபர் 7 ஹமாஸ் தாக்குதலுக்கு முன் எடுத்தது. அதற்குப் பிறகு வந்த கணிப்புகள் ஒவ்வொன்றும் கேள்வியை ஒவ்வொரு விதமாகக் கேட்டன; யூத நாட்டை ஆதரிப்பவர் என்று பொதுவாகப் பொருள்படும் 'சியோனிஸ்ட்' என்ற சொல்லை ஒருவர் ஒரு பொருளில் எடுத்துக்கொண்டால் அடுத்தவர் வேறு பொருளில் எடுத்துக்கொள்கிறார். அவற்றை வைத்து அடித்துச் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

விவாதம் இவர்களுக்குப் புதிதல்ல. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற யூதச் சட்ட நூலிலிருந்தே விவாதம்தான் நூலின் உடம்பு. மிஷ்னாவையும் அதன்மேல் எழுந்த விவாதங்களையும் சேர்த்த தல்மூதின் ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள்: நடுவில் மிஷ்னா, அதன் கீழே அதைத் துருவும் கெமாரா, ஒரு பக்கம் 11-ஆம் நூற்றாண்டு ராஷியின் உரை, எதிர்ப்பக்கம் ராஷியின் பேரன்மார் வழிவந்தவர்கள் ராஷியையே மறுத்து எழுதிய தோசஃபோத். தாத்தாவும் அவரை மறுக்கும் பேரனும் ஒரே தாளில், ஆளுக்கொரு ஓரத்தில். படிப்பதும் தனியாகப் படிப்பதில்லை. இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து சத்தம் போட்டுப் படிக்கிறார்கள். அதற்கு ஹவ்ரூதா என்று பெயர். மஹ்லோகெத் என்றால் கருத்து வேறுபாடு. 'சொர்க்கத்தின் பொருட்டு நடக்கும் மஹ்லோகெத் நிலைக்கும். அப்படி அல்லாதது நிலைக்காது' என்று ஒரு பழைய வாக்கு உண்டு. முதல் வகைக்கு உதாரணம் ஹில்லேல், ஷம்மாய் என்ற பழைய ஆசான்கள் இருவர். இரண்டாவதற்கு உதாரணம் மோசேயை எதிர்த்து எழுந்த கோராகு.

ஹில்லேல் பள்ளிக்கும் ஷம்மாய் பள்ளிக்கும் மூன்று வருடம் வாதம் நடந்ததாம். கடைசியில் வானத்திலிருந்து குரல் வந்தது: இரண்டுமே உயிருள்ள கடவுளின் சொற்கள், ஆனால் சட்டம் ஹில்லேல் சொன்னபடி. இரண்டும் கடவுளின் சொல் என்றால் ஹில்லேலுக்கு மட்டும் ஏன் என்று தல்மூதே கேட்கிறது. அவர்கள் இனிமையானவர்கள், எதிராளி சொன்னதையும் சேர்த்துக் கற்பித்தார்கள், அதிலும் எதிராளி சொன்னதை முதலில் சொன்னார்கள் என்று பதில். சைவ சித்தாந்தம் படித்தவர்களுக்கு இது அந்நியமாகப் படாது. பரபக்கம் (எதிராளியின் கொள்கை) முதலில், சுபக்கம் (தன் கொள்கை) பிறகு. ஆனால் நம் பரபக்கம் பெரும்பாலும் அடித்து வீழ்த்துவதற்காக எடுத்து நிறுத்துவது. மிஷ்னா இன்னொரு காரணம் சொல்கிறது: தோற்ற கருத்தை ஏன் எழுதி வைக்கிறோம் என்றால், பின்னால் வரும் ஒரு நீதிமன்றம் அதைச் சரி என்று கண்டால் அதன்மேல் சாய்ந்துகொள்ளட்டும் என்று. பட்டிமன்றத்தில் நடுவர் தீர்ப்புச் சொன்னதும் கைதட்டிவிட்டு எழுந்து போகிறோம். அங்கே தோற்ற கட்சியின் வாதத்தைப் பத்திரமாக மடித்து உள்ளே வைக்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது ரப்பி (யூத மத குரு) யோகனான் கதை. அவருடைய படிப்புத் துணை ரேஷ் லக்கீஷ், ஒரு காலத்தில் கொள்ளைக்காரன். மனம் மாறிப் படிக்க வந்து, யோகனானின் தங்கையையே மணந்தவர். ஒருநாள் கத்தியும் ஈட்டியும் எந்தக் கட்டத்தில் 'முழுமையான பொருள்' ஆகின்றன என்ற வாதத்தில், யோகனான் வாய் தவறி, "திருடனுக்குத்தானே தன் தொழில் கருவி தெரியும்" என்று சொல்லிவிட்டார். சொல் தைத்துவிட்டது. ரேஷ் லக்கீஷ் படுத்த படுக்கையாகி இறந்துபோனார். யோகனானைத் தேற்ற எலாசர் என்ற அறிஞரை அனுப்பினார்கள். யோகனான் எதைச் சொன்னாலும், "உங்கள் கருத்துக்கு ஆதாரம் இருக்கிறது" என்று எலாசர் ஒரு மேற்கோளை எடுத்துக் கொடுத்தார். யோகனான் வெடித்தார்: லக்கீஷின் மகன் (ரேஷ் லக்கீஷைத்தான் அப்படிச் சொல்கிறார்) நான் ஒன்று சொன்னால் இருபத்துநான்கு ஆட்சேபம் எழுப்புவான், நான் இருபத்துநான்கு பதில் சொல்வேன், அதில் விஷயம் தெளியும்; நீ வந்து நான் சொல்வது சரி என்கிறாய், நான் சொல்வது சரி என்று எனக்குத் தெரியாதா? ஆடையைக் கிழித்துக்கொண்டு "லக்கீஷின் மகன் எங்கே" என்று தேடி, புத்தி பேதலித்து அவரும் இறந்தார்.

இணையத்தில் இந்த மாதிரிக் கதைகளின் முதல் பாதிதான் சுற்றும். 'யூத மரபு விவாதத்தைக் கொண்டாடுகிறது' என்று ஒரு பூப்போட்ட படம், அவ்வளவுதான். இரண்டாம் பாதியில் ஒரு பிணம் கிடக்கிறது. ஹில்லேல், ஷம்மாய் பள்ளிகளே ஒருநாள் கைகலந்ததாக எருசலேம் தல்மூது சொல்கிறது; பதினெட்டு விதிகள்மேல் வாக்கெடுப்பு, ஷம்மாயின் மாணவர்கள் கீழே நின்று ஹில்லேலின் மாணவர்களைக் கொன்றார்கள் என்று. அது உண்மையிலேயே நடந்ததா என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் அந்த இரண்டு பள்ளிகளும் சண்டையிட்ட நாள் என்று யூத நாட்காட்டியின் ஆதார் மாதம் ஒன்பதாம் தேதியை நோன்பு நாட்கள் பட்டியலில் 16-ஆம் நூற்றாண்டுச் சட்டத் தொகுப்பே குறித்து வைத்திருக்கிறது. எருசலேமில் உள்ள பார்தெஸ் என்ற படிப்பகம் சில வருடங்களுக்கு முன் அந்த நாளைத் தூசி தட்டி எடுத்து, ஆக்கபூர்வமாக வாதிடுவதைப் பற்றிப் பேசும் நாளாக்கியது. கொண்டாட அல்ல, எச்சரிக்கைக்காக எடுத்தார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்தது.

இந்தப் பழைய கைத்தொழில் இன்றைக்கு வேலை செய்கிறதா என்று கேட்டால், நான் எப்போதும் காட்டுவது 2006 டிசம்பரில் நடந்தது. கன்சர்வேடிவ் கிளைக்குச் சட்டக் குழு ஒன்று உண்டு, வாக்குரிமை உள்ள ரப்பிகள் 25 பேர். ஒரு சட்ட அறிக்கைக்கு ஆறு வாக்குக் கிடைத்தாலே அது செல்லுபடியாகும். பெரும்பான்மை தேவையில்லை. எது தன் சபைக்கு என்று அந்தந்த ஊர் ரப்பி முடிவு செய்துகொள்வார். தன்பாலீர்ப்பாளர்கள் ரப்பி ஆகலாமா, அவர்கள் இணைவதற்குச் சடங்கு செய்து வைக்கலாமா என்ற கேள்வி பல வருடம் இழுத்துக்கொண்டிருந்து, அன்றைக்கு வாக்கெடுப்புக்கு வந்தது. எலியட் டோர்ஃப், டேனியல் நெவின்ஸ், அவ்ராம் ரைஸ்னர் மூவர் எழுதிய அறிக்கை, விவிலியம் நேராகத் தடுக்கும் ஒரு செயலை மட்டும் விட்டுவைத்து மற்றதெல்லாம் கூடும் என்றது. ஜோயல் ராத் எழுதிய அறிக்கை கூடாது என்றது. எண்ணிப் பார்த்தால் கூடும் என்றதற்கு 13, கூடாது என்றதற்கும் 13.

இருபத்தைந்து பேரில் இரண்டுக்கும் பதின்மூன்றா என்று கணக்கு இடிக்கும். இரண்டுக்கும் சேர்த்துக் கைதூக்கிய ஆள் இருந்ததால்தான் அந்தக் கணக்கு. வகுப்பில் இதைச் சொல்லும்போது மாணவர்கள் சிரிப்பார்கள். எனக்கு அதில் சிரிப்பு வருவதில்லை. எதிரெதிரான இரண்டும் நேர்மையாக எழுதப்பட்ட சட்ட வாசிப்பு, இரண்டுக்கும் இந்தக் கூரையின்கீழ் இடம் வேண்டும் என்று ஒருவர் நினைத்தால் அவருக்கு வேறு வழி என்ன? அடுத்த மார்ச்சிலேயே நியூயார்க்கில் ரப்பிகளைப் பயிற்றுவிக்கும் அவர்களுடைய செமினரி தன்பாலீர்ப்பாளர்களுக்குக் கதவைத் திறந்தது. எதிர்த்தவர்களின் அறிக்கையும் ஏட்டில் செல்லுபடியானதாகவே நின்றது. ஆனால் இதை இனிப்பாக முடிக்க முடியாது. ஜோயல் ராத் உட்பட நான்கு பேர் அன்றைக்கே குழுவிலிருந்து விலகினார்கள். தோற்ற கருத்துக்கு இடம் வைத்திருந்தார்கள். அந்த இடத்தில் உட்கார அதற்கு உரியவர்கள் சம்மதிக்கவில்லை.

கருக்கலைப்பு விஷயத்தில் இன்னொரு வேடிக்கை. பிரசவம் சிக்கலாகித் தாயின் உயிருக்கு ஆபத்து என்றால் கருவை வெட்டி எடுக்கலாம், அவள் உயிர் முந்தியது என்கிறது மிஷ்னா. குழந்தையின் பெரும்பகுதி வெளியே வந்துவிட்டால் தொடக்கூடாது. 2022 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு உரிமையை விலக்கிக்கொண்ட அதே மாதத்தில், ஃப்ளோரிடாவில் ஒரு ஜெப ஆலயம் இந்த வரியை வைத்துத்தான் மாநிலச் சட்டத்தின் மேல் வழக்குப் போட்டது: எங்கள் மதமே அனுமதிக்கிறது, தடுத்தால் மதச் சுதந்திரம் பறிபோகிறது என்று. அதே வரியை வைத்துக்கொண்டு, தேவைக்கு மட்டும்தான் அனுமதி, விருப்பத்துக்கு அல்ல என்று அகுதாத் இஸ்ரேல் போன்ற ஹரேதி (கடும் மரபுவாத) அமைப்புகள் தீர்ப்பை வரவேற்றன. இரண்டு தரப்பும் ஒரே ஏட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பேசும்போது, சண்டை எவ்வளவு கடுமையானாலும் பேச்சு அறுந்துபோவதில்லை.

இஸ்ரேல் விஷயத்தில் அந்த ஒரே ஏடு இல்லை. அதனால்தான் அங்கே தகராறு, என்ன பேசுவது என்பதில் தொடங்குவதில்லை. யாரை உள்ளே விடுவது என்பதில் தொடங்குகிறது.

யூத நாடு வேண்டுமா என்பதில் யூதர்கள் என்றைக்கும் ஒருமனதாக இருந்ததில்லை. 1885-ல் பிட்ஸ்பர்க்கில் கூடிய ரிஃபார்ம் ரப்பிகள், நாங்கள் ஒரு தேசம் அல்ல, மதச் சமூகம், பாலஸ்தீனத்துக்குத் திரும்பும் எண்ணம் இல்லை என்று தீர்மானம் போட்டார்கள். அதே கிளை 1937-ல் கொலம்பஸில் கூடி அதைத் திருப்பிப் போட்டது. 1897-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்டில் பாசெல் நகரில் முதல் சியோனிஸ்ட் மாநாடு. அக்டோபரில் வில்னாவில் பூண்ட் என்ற யூதத் தொழிலாளர் கட்சி தொடங்கியது. நாடு தேடிப் போகவேண்டாம், இருக்கும் இடத்தில் கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் இத்திஷ் மொழியோடும் உரிமையோடும் வாழப் போராடுவோம் என்றது அது. எதிரெதிரான இரண்டு பதில்கள், இரண்டு மாதத்துக்குள். பூண்டின் வாதம் விவாதத்தில் தோற்றது என்று சொல்ல முடியாது. அதைச் சொன்னவர்களில் பெரும்பாலோரை ஹிட்லரின் ஆட்கள் கொன்றுவிட்டார்கள். இன்றைக்கு நியூயார்க்கில் இஸ்ரேலை எதிர்க்கும் இளைஞர்கள் சிலர் பூண்டின் கொடியைத் தூக்கிப் பிடிக்கும்போது, வயதானவர்கள் கொதிப்பது இதனால்தான். மதக் காரணத்துக்காக எதிர்க்கும் சாத்மார் ஹசிதிம்களும் உண்டு, மேசியா வருமுன் நாடு கட்டுவது பாவம் என்பவர்கள். அவர்களும் இந்த இளைஞர்களும் ஒரே முடிவுக்கு வந்தாலும் ஒரே மேசையில் உட்காரமாட்டார்கள்.

இப்போது யாரை வெளியே நிறுத்துவது என்ற வேலிக்கு வருவோம். அமெரிக்காவின் முக்கிய யூத அமைப்புகள் ஐம்பது போல ஒரு கூட்டமைப்பில் இருக்கின்றன, தலைவர்கள் மாநாடு என்று பெயர். இரு நாட்டுத் தீர்வையும், குடியேற்றங்களை எதிர்ப்பதையும் முன்வைக்கும் ஜே ஸ்ட்ரீட் அமைப்பு அதில் சேர விண்ணப்பித்தது. இஸ்ரேல் வேண்டும் என்று சொல்கிற அமைப்புதான் அது. 2014 ஏப்ரல் 30-ல் வாக்கெடுப்பு: ஆதரவு 17, எதிர்ப்பு 22, வாக்களிக்காதவர் 3. சேர்க்கவில்லை. கல்லூரிகளில் ஹில்லேல் என்ற மாணவர் அமைப்பு 1923-லிருந்து இருக்கிறது. 2010-ல் அது ஒரு விதி எழுதியது: யூத, ஜனநாயக நாடாக இஸ்ரேல் இருக்கும் உரிமையை மறுப்பவர்களோடும், அதன்மேல் புறக்கணிப்பு கோருபவர்களோடும் எங்கள் கிளைகள் சேர்ந்து கூட்டம் போடக்கூடாது. 2013 டிசம்பரில் ஸ்வார்த்மோர் கல்லூரி மாணவர்கள், நாங்கள் 'திறந்த ஹில்லேல்', யாரை வேண்டுமானாலும் கூப்பிடுவோம் என்று அறிவித்தார்கள். 2015-ல் அந்தப் பெயரையே விட்டுவிட வேண்டியதாயிற்று. எதிராளி சொன்னதை முதலில் சொன்னவரின் பெயரை வைத்துக்கொண்டு இப்படியா என்று அப்போது பலரும் கேட்டார்கள். வேலி போட்டவர்கள் பக்கமும் ஒரு வாதம் இருக்கிறது, லேசாகத் தள்ளிவிடக் கூடாது: எந்த வீட்டிலும் எதைப் பற்றியும் பேசலாம், ஆனால் இந்த வீடு இருக்கலாமா என்பதைத் தினம் தினம் கூடத்தில் வைத்துப் பேசினால் அங்கே குடியிருக்க முடியாது.

பிரிட்டனில் 1760-லிருந்து இயங்கும் யூதப் பிரதிநிதிகள் சபையில் சுமார் 300 பேர். 2025 ஏப்ரலில் அவர்களில் 36 பேர், காசாவில் போர் மீண்டும் தொடங்கியதைக் கண்டித்து ஃபைனான்ஷியல் டைம்ஸ் இதழில் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். சபை அவர்கள்மேல் ஒழுங்கு விசாரணை வைத்தது. குற்றச்சாட்டு, கருத்து தவறு என்பதல்ல. சபையின் கருத்து என்று வெளியார் நினைக்கும்படி எழுதிவிட்டார்கள் என்பது. உங்கள் கேள்வியில் 'ஒரே அச்சில் வார்த்த அறிக்கை' என்றீர்களே, அது எப்படி வார்க்கப்படுகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இனி நான் கண்ணால் கண்டது ஒன்று. 2024 அக்டோபர், நியூ ஜெர்சியில் ஒரு ஜெப ஆலயத்தின் கீழ்த்தளம். மடக்கு மேசைகள் நான்கை ஒட்டிப் போட்டு, பதினான்கு பேர். நடுவில் ஒரு தட்டில் ருகெலா, பேப்பர் கப்பில் காபி. நடத்தியவர் ஒரே ஒரு விதி சொன்னார்: பதில் சொல்லுமுன் எதிரே இருப்பவர் சொன்னதை உங்கள் வாயால் சொல்லுங்கள், அவர் 'ஆமாம், அதுதான்' என்றால் மட்டும் மேலே பேசலாம். எழுபது வயதிருக்கும் ஒரு அம்மா. அவர் அக்கா பேரன் ரிசர்வ் படையில் காசாவுக்குள் இருந்தான். எதிரே இருபது வயதுப் பெண், கல்லூரியில் கூடாரம் போட்டுப் போராடியவள். அந்தப் பெண் பேசியதும் அம்மா திருப்பிச் சொன்னார்: "எங்கள் பையன் கொலைகாரன் என்கிறாய்." அவள் தலையாட்டி மறுத்தாள். "போரை நிறுத்தவேண்டும் என்கிறாய், பணயக்கைதிகள் எப்படிப் போனாலும் சரி என்கிறாய்." அதற்கும் மறுப்பு. மூன்றாவது தடவை அம்மா வெகுநேரம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எங்கள் பெயரைச் சொல்லிச் செய்கிறார்கள், அது உனக்குத் தாங்கவில்லை என்கிறாய்" என்றார். பெண் 'ஆமாம்' என்றாள். அப்புறம் அவள் முறை. அவளுக்கும் மூன்று தடவை ஆயிற்று. இரண்டு வாக்கியத்துக்கு நாற்பது நிமிடம். அதற்குள் காபி ஆறிவிட்டது, கூட்டம் முடிந்துவிட்டது.

மனம் யாருக்கும் மாறவில்லை. ஆனால் அடுத்த மாதம் அந்தச் சபையில் ஒரு சின்ன விஷயம் நடந்தது. ஓய்வுநாள் வழிபாட்டில் இஸ்ரேல் நாட்டுக்காக 1948-ல் எழுதப்பட்ட ஒரு பிரார்த்தனையைச் சொல்வார்கள். காசாவின் குழந்தைகளுக்காக அதில் ஒரு வரி சேர்க்கவேண்டும் என்று அந்தப் பெண்ணும் வேறு சிலரும் கேட்டார்கள். எந்த இடத்தில் சேர்ப்பது, படைவீரர்களுக்கான வரிக்கு முன்னாலா பின்னாலா என்று ஆறு வாரம் சண்டை. கடைசியில் தனித்தாளாக அச்சடித்துப் பிரார்த்தனைப் புத்தகத்துக்குள் செருகினார்கள், வேண்டியவர்கள் வாசிக்கலாம். சிலர் வாசித்தார்கள், சிலர் தாளை எடுத்து நாற்காலியில் கவிழ்த்து வைத்தார்கள். இரண்டு மாதம் கழித்து அதே சபை, பேச அழைத்திருந்த ஒருவரை, நன்கொடையாளர்கள் போன் செய்தார்கள் என்று கடைசி வாரத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. தாளைச் செருகிய அதே கமிட்டிதான். என்னையும் சேர்த்துப் பலருக்கு அதில் வருத்தம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் படம் முழுசாகும்.

இஸ்ரேலில் நிலைமை வேறு, ஏனென்றால் அங்கே வாதத்தில் ஜெயிப்பவன் கையில் அரசு இருக்கிறது. 2023 ஜனவரியில் நீதித்துறை அதிகாரத்தைக் குறைக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டதும், வாரம் தவறாமல் சனி இரவு, ஓய்வுநாள் முடிந்த கையோடு, டெல் அவிவின் கப்லான் தெருவில் பெருந்திரளாகக் கூடினார்கள். ஜூலை 24-ல் அதன் முதல் சட்டம் எதிர்க்கட்சி வெளிநடப்பு செய்ய 64-0 என்று நிறைவேறியது. 2024 ஜனவரி 1-ல் உச்ச நீதிமன்றம் 8-7 என்று அதை ரத்து செய்தது. இடையில் செப்டம்பர் 24 மாலை, யோம் கிப்பூர் தொடங்கும் நேரம், டெல் அவிவின் டிசங்காஃப் சதுக்கத்தில் ஒரு மதக் குழு திறந்தவெளி வழிபாடு நடத்த வந்தது. பொது இடத்தில் ஆண் பெண் நடுவே தடுப்பு வைக்கக்கூடாது என்று நகராட்சி சொல்லி, நீதிமன்றமும் சொல்லியிருந்தது. அவர்கள் இஸ்ரேலியக் கொடிகளையே வரிசையாகக் கட்டித் தடுப்பாக்கினார்கள். மதச்சார்பற்றவர்கள் பாய்ந்து பிடுங்கினார்கள். வருடத்தின் மிகப் புனிதமான இரவில் யூதர்கள் யூதர்களோடு நாற்காலிகளைத் தள்ளிவிட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள். பதின்மூன்றாம் நாள் ஹமாஸ் தாக்கியது. சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள், 251 பேர் கடத்தப்பட்டார்கள். பிறகு காசாவில் பல பத்தாயிரம் பாலஸ்தீனர்கள் இறந்த போர். முதல் மாதங்களில் 'சேர்ந்து வெல்வோம்' என்று எங்கும் எழுதி வைத்தார்கள். அது நீடிக்கவில்லை. 2024 ஜூன் 25-ல் ஹரேதி மாணவர்களையும் ராணுவத்துக்கு அழைக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னதும் பழைய பிளவு மறுபடி வாயைத் திறந்தது.

அங்கேயும் உட்கார்ந்து பேசியவர்கள் உண்டு. மதச்சார்பற்ற சட்டப் பேராசிரியை ரூத் கவிசோனும், குடியேற்றப் பகுதி யெஷிவா (மதப் படிப்பகம்) ஒன்றைச் சேர்ந்த ரப்பி யாகோவ் மேதனும் பல வருடம் பேசி 2003-ல் ஒரு உடன்படிக்கை எழுதினார்கள். ஓய்வுநாளில் கடை, ஆலை, அலுவலகம் மூடியிருக்கட்டும். உணவகமும் நாடகமும் நடக்கட்டும், ஓரளவு பஸ்ஸும் ஓடட்டும் என்பது அதில் ஒரு பகுதி. இரண்டு பேரும் தத்தம் ஆட்களிடம் திட்டு வாங்கினார்கள். நாடாளுமன்றம் அதைச் சட்டமாக்கவில்லை. பேச்சு எதையாவது மாற்றுகிறதா என்று கேட்டால், இது ஒரு நேர்மையான 'இல்லை'. ஆனால் ஓய்வுநாள் தகராறு கிளம்பும் போதெல்லாம் யாராவது அந்த ஏட்டைத்தான் மறுபடி கையில் எடுக்கிறார்கள்.

யாரை உள்ளே விடுவது என்ற சண்டைக்கு நம் பக்கத்திலும் ஒரு கதை உண்டு. கொச்சியில் 1568-ல் கட்டிய பரதேசி ஜெப ஆலயத்தில், விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்த யூதர்களுக்குச் சம இடம் கிடையாது. வேதமான தோராவை வாசிக்க அழைக்கமாட்டார்கள், முன்கூடத்தோடு நிறுத்திவிடுவார்கள். அந்த வகுப்பில் பிறந்து, சென்னைக்கு வந்து பட்டமும் சட்டமும் படித்துத் திரும்பிய ஆபிரகாம் பராக் சேலம், காந்தியின் சத்தியாக்கிரகத்தை ஜெப ஆலயத்துக்குள்ளேயே நடத்தினார். 'யூத காந்தி' என்று பெயர் வந்தது. தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. இஸ்ரேல் உருவானதும் அதே மனிதர் சியோனிஸ்டாக மலபார் யூதர்கள் அங்கே குடிபெயர உதவினார். தான் மட்டும் கொச்சியிலேயே இருந்து 1967-ல் இறந்தார்.

'இஸ்ரேலை எதிர்த்தால் யூத வெறுப்பு என்பார்களாமே' என்று கருத்துப் பகுதியில் ஒருவர் கேட்டிருந்தார். அதிலும் யூதர்களுக்குள் ஒப்புதல் இல்லை. சர்வதேச ஹோலோகாஸ்ட் நினைவுக் கூட்டணி 2016-ல் ஏற்றுக்கொண்ட, யூத வெறுப்பு எது என்று சொல்லும் வரையறையைப் பெரிய அமைப்புகள் சட்டமாக்கச் சொல்கின்றன. அதன் மூல வரைவை எழுதுவதில் முன்னின்ற கென்னத் ஸ்டெர்ன், இது தகவல் திரட்ட எழுதியது, கல்லூரியில் வாயை மூட அல்ல என்று அதை எதிர்க்கிறார். 2021-ல் யூத ஆய்வுத் துறை அறிஞர்கள் பலர் எருசலேம் பிரகடனம் என்று மாற்று வரையறை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். 2025 நியூயார்க் மேயர் தேர்தலில் இதே சண்டை வீதிக்கு வந்தது. இஸ்ரேலைக் கடுமையாக விமர்சிக்கும் வேட்பாளர் சோஹ்ரான் மம்தானியின் நிலைப்பாடுகளைக் கண்டித்த கடிதத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரப்பிகள் கையெழுத்திட்டார்கள். நகரின் யூத அரசியல்வாதி பிராட் லேண்டர் மம்தானியோடு தெருத் தெருவாக ஓட்டுக் கேட்டார். கையெழுத்திடாத ரப்பிகளில் சிலர் மம்தானியை ஆதரிப்பவர்கள் அல்ல. பிரசங்க மேடையில் நின்று வேட்பாளர் பெயர் சொல்லக்கூடாது என்பது அவர்கள் கட்சி. யார் எதில் கையெழுத்திட்டார் என்பதை மட்டும் வைத்து ஆளை எடைபோட முடியாது என்று இதனால்தான் சொல்கிறேன்.

ஊரிலிருந்தபடி இதையெல்லாம் பின்தொடர என்ன வழி என்று கேட்டிருந்தீர்கள். அமைப்புகளின் அறிக்கைகளை விடுங்கள், அவை வெளியாருக்காக எழுதப்படுபவை. ஒரே செய்தியை நாலு இடத்தில் படியுங்கள்: இஸ்ரேலில் ஹாரெட்ஸ், ஜெருசலேம் போஸ்ட், அமெரிக்காவில் இடப்பக்கம் ஜூயிஷ் கரண்ட்ஸ், வலப்பக்கம் காமெண்டரி. ஃபார்வர்ட் என்று ஒன்று உண்டு, நியூயார்க்கில் இத்திஷ் நாளிதழாகத் தொடங்கியது, இப்போது இணையத்தில் மட்டும். அதில் ஆசிரியருக்கு வரும் கடிதங்களை விடாதீர்கள். அது தொடங்கியதும் 1897-ல்தான்.